மெழுகு உருகியது, லோஷன் ஏன் திரிந்தது?

வீட்டில் லோஷன், கண்டிஷனர் செய்கிற வாசகர்கள் எழுதிய கடிதங்கள் இந்த முறை சுற்றிச் சுற்றி அடுப்பில்தான் வந்து நிற்கின்றன. எந்த எண்ணெய் நல்லது, எந்த வாசனை சேர்க்கலாம் என்று கேட்டவர்கள் குறைவு. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று கேட்டவர்களே அதிகம். எனக்கு இதில் மிகுந்த சந்தோஷம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன க்ரீம் தயாரிப்புக் கூடத்தில் 11 வருடம் வேலை பார்த்தேன். இப்போது மேற்கு மாம்பலத்தில், என் சமையல் மேடையில், அதே வேலையை 100 கிராம் அளவில் செய்கிறேன். திரிந்துபோன கலவைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பொருள் மட்டமாக இருந்து கெட்டவை கொஞ்சம். சூடு போதாமல் கெட்டவைதான் நிறைய.

எமல்சிஃபையிங் வேக்ஸ் வாங்கி இரண்டு முறை லோஷன் செய்தேன். கொதிக்கும் தண்ணீர் மேல் கிண்ணத்தை வைத்து, எண்ணெயோடு மெழுகை உருக்கினேன். உருகியதும் இறக்கி, கேன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடித்தேன். அன்றைக்குப் பால் மாதிரி அழகாக இருந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் அடியில் தண்ணீர், மேலே வெண்ணெய் மாதிரி கட்டி. இரண்டு முறையும் இப்படித்தான். மெழுகு மட்டமா? நான் செய்தது தப்பா? தங்கைக்கு வேறு ஒரு பாட்டில் கொடுத்துவிட்டேன்.
— வாசகி, நங்கநல்லூர்

மெழுகில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் விட்டது பச்சைத் தண்ணீர். அதுதான் காரணம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்ணெயும் மெழுகும் சேர்ந்து 25 கிராம், சூடு 70 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் 75 கிராம், நம் ஊர் சமையலறையில் அது 30 டிகிரியில் இருக்கும். ஒரே எடைக்கு, எண்ணெய் தாங்கி வைத்திருக்கும் சூடு தண்ணீர் தாங்குவதில் ஏறக்குறைய பாதிதான். அதனால் இரண்டையும் கலந்து முடிக்கும்போது மொத்தமும் 36 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அது நம் உடம்புச் சூட்டைவிடக் குறைவு. எமல்சிஃபையிங் வேக்ஸோ 50 டிகிரி வாக்கிலேயே இறுக ஆரம்பித்துவிடும். நீங்கள் தண்ணீர் விட விட, மெழுகு தன் வேலையை முடிக்காமலே உறைந்துகொண்டிருந்தது.

அதன் வேலை என்ன? இந்த மெழுகு ஒரு எமல்சிஃபையர், அதாவது எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கும் பொருள். அதற்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறு முனை எண்ணெயோடு ஒட்டும். அடிக்கும்போது எண்ணெய் சின்னச் சின்னத் துளியாக உடைகிறது. ஒவ்வொரு துளியையும் இது போய்ச் சுற்றிக்கொண்டால்தான் அடுத்த துளியோடு சேராமல் தனித்தனியாக நிற்கும். சுற்றிக்கொள்ள வேண்டுமானால் அது திரவமாக இருக்க வேண்டும். பாதி உறைந்த மெழுகால் நகர முடியாது. நீங்கள் வேகமாக அடித்ததால் துளிகள் உடைந்தன, வெள்ளையாகத் தெரிந்தது. சுற்றிலும் காவல் இல்லாததால் இரண்டு நாளில் ஒன்றோடொன்று சேர்ந்து மேலே வந்துவிட்டன.

நம் கை ஏன் சூட்டுக்குத் தயங்குகிறது என்றும் யோசித்திருக்கிறேன். தேங்காய்ப் பால் கொதித்தால் திரிந்துவிடும் என்று கடைசியில் விட்டு, நுரை கட்டியதும் இறக்குவோம். அந்தப் பழக்கம் லோஷன் செய்யும்போதும் கூடவே வந்துவிடுகிறது. ஆனால் தேங்காய்ப் பாலில் எண்ணெயைப் பிடித்துவைத்திருப்பது புரதம். சூடு ஏறினால் புரதம் குலைந்துவிடும். லோஷனில் பிடித்துவைப்பது மெழுகு, அதற்குச் சூடு இருந்தால்தான் உயிர். இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். 100 கிராமுக்கு என் அளவு: தண்ணீர் 70, கிளிசரின் 3, எண்ணெய் 18, எமல்சிஃபையிங் வேக்ஸ் 6, செட்டில் ஆல்கஹால் (பெயர்தான் ஆல்கஹால், மெழுகு மாதிரி கட்டியாக இருக்கும்) 2, ப்ரிசர்வேட்டிவ் (கிருமி வளராமல் தடுப்பது, சூடு தணிந்த பிறகு சேர்ப்பது) 1. எல்லாமே கிராம் கணக்கு, டிஜிட்டல் தராசில். ஸ்பூன் கணக்கு வேண்டாம். எண்ணெய், மெழுகு, செட்டில் ஆல்கஹால் மூன்றும் ஒரு கண்ணாடி பீக்கரில். தண்ணீரும் கிளிசரினும் இன்னொன்றில். ஒரு அகலமான வாணலியில் இரண்டு அங்குலம் தண்ணீர் வைத்து, அடியில் மடித்த துணி போட்டு, இரண்டு பீக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள். இரண்டும் 70 தாண்டி 75க்குள் நிற்க வேண்டும். நேரடித் தீயில் மட்டும் எண்ணெயை வைக்காதீர்கள். வாணலித் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, தீ அப்படி ஒரு இடத்தில் நிற்காது.

இப்போது குனிந்து எண்ணெய் பீக்கரைப் பாருங்கள். மெழுகுச் செதில்கள் முதலில் ஓரம் கரைந்து கண்ணாடித் துண்டு மாதிரி ஆகும். அப்புறம் காணாமல் போய்விட்டதாகத் தோன்றும். அந்த இடத்தில்தான் நாம் இறக்கிவிடுகிறோம். ஒரு நிமிடம் பொறுத்து, பீக்கரை டியூப் லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், அடியில் சர்க்கரைப் பாகு ஓடுகிற மாதிரி ஒரு கோடு நெளியும். அது இன்னும் முழுதாகக் கலக்காத மெழுகு. ஒரு ஸ்பூனால் கிளறி, அந்தக் கோடு மறைந்து, நல்லெண்ணெய் மாதிரி ஒரே தெளிவாக ஆகும் வரைக்கும் விடுங்கள். அதற்குப் பிறகும் 10 நிமிடம் அதே சூட்டில் இருக்கட்டும்.

பிறகு சூடான தண்ணீரைச் சூடான எண்ணெயில் விட்டு, ஹேண்ட் பிளெண்டரால் அடியுங்கள். 20 நொடி அடி, ஒரு நிமிடம் ஸ்பூனால் கிளறு, மறுபடி 20 நொடி. பிளெண்டரின் தலை எப்போதும் கலவைக்குள் மூழ்கியே இருக்கட்டும், இல்லாவிட்டால் காற்று புகுந்து நுரைத்துவிடும். ஆரம்பத்தில் நீர்த்த பால் மாதிரிதான் இருக்கும். பயந்து மெழுகைக் கூட்டாதீர்கள். ஆற ஆறத்தான் கெட்டிப்படும்.

செய்து முடித்த இரண்டு தொகுதியையும் கொட்டிவிடுங்கள். தங்கையிடமும் இன்றைக்கே சொல்லுங்கள். கடிதத்தில் ப்ரிசர்வேட்டிவ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேன் தண்ணீரில் செய்து மூன்று நாள் வெளியில் இருந்ததை மறுபடி சூடாக்கித் தோலில் தடவ நான் சொல்ல மாட்டேன். செய்த அன்றைக்கே திரிந்திருந்தால் விஷயம் வேறு. மொத்தத்தையும் 70 டிகிரிக்குக் கொண்டுபோய், குறைந்த தண்ணீரை ஈடுகட்டி, மறுபடி அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் வீட்டில் இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?
— வாசகி, மடிப்பாக்கம்

கூடவே கூடாது. அது 42 டிகிரி வரைக்கும்தான் காட்டும். பழைய பாதரசத் தெர்மாமீட்டராக இருந்தால் 70 டிகிரியில் உடைந்து, பாதரசம் லோஷனிலும் அடுப்பு மேடையிலும் சிதறும். அது விஷம். நீளக் கம்பி வைத்த சமையல் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கம்பி முனை பீக்கரின் அடியைத் தொடாமல் நடுவில் நிற்க வேண்டும். வாங்கியதும் ஒரு முறை கொதிக்கும் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள். சென்னை கடல் மட்டத்தில் இருக்கிறது, 100 காட்ட வேண்டும். 96 காட்டினால் அந்த 4 டிகிரியை மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். இன்டக்‌ஷன் அடுப்பின் முகப்பில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். அது அடுப்பின் கணக்கு, பீக்கருக்குள் இருக்கும் சூடு வேறு.

தண்ணீரையும் எண்ணெயையும் 70 டிகிரியில் 20 நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு வகுப்பில் சொன்னார்கள். இன்னொருவர் அதெல்லாம் தேவையில்லை, கிருமி சாகத்தானே சூடாக்குகிறோம், ஒரு கொதி விட்டால் போதும் என்கிறார். எது சரி மேடம்?
— வாசகர், பெரம்பூர்

நான் 20 நிமிடத்தின் பக்கம். ஆனால் வகுப்பில் அதற்கு என்ன காரணம் சொன்னார்களோ தெரியவில்லை, அதனால் இரண்டு காரணத்தையும் பிரித்துச் சொல்கிறேன்.

முதல் காரணம் மெழுகு. 70 டிகிரியைத் தொட்ட நொடியிலேயே எல்லாம் கரைந்துவிடாது. லோஷனைக் கெட்டியாக்க ஸ்டியரிக் ஆசிட் போட்டிருந்தால் அது உருகுவதே 69 டிகிரி பக்கத்தில்தான். தேன்மெழுகு 62லிருந்து 64. ஆலிவ் எண்ணெயிலிருந்து எடுக்கும் ஆலிவெம் 1000 என்ற எமல்சிஃபையர் 70க்குக் கீழே சரியாக வேலை செய்யாது. நேரம் கொடுத்தால்தான் கடைசிப் பொடியும் கரையும். கரையாமல் நின்ற ஒரு பொடி, ஆறும்போது மணல் மாதிரி கையில் நெருடும்.

இரண்டாவது காரணம் கிருமி. இதில் நண்பர் சொல்வது பாதி உண்மை. சூட்டில் நிறையக் கிருமிகள் சாகும். ஆனால் சில பாக்டீரியாக்கள் வித்து மாதிரி ஓடு கட்டிக்கொண்டு இருக்கும். அந்த வித்துகள் 100 டிகிரிக் கொதியையும் தாங்கும். பாக்கெட் பாலை நினைத்துப் பாருங்கள். அதை 72 டிகிரியில் 15 நொடி காய்ச்சித்தான் அடைக்கிறார்கள், ஆனாலும் சித்திரை வெயிலில் மேடை மேல் வைத்தால் மத்தியானத்துக்குள் புளித்துவிடுகிறது. சூடு ஏற்கெனவே இருந்த கிருமியைக் குறைக்கிறது. நாளைக்கு உங்கள் விரலில் இருந்து போகிற கிருமியை அது தடுக்காது. அதற்குத்தான் ப்ரிசர்வேட்டிவ். தண்ணீர் சேர்ந்த எதிலும் அதை விட்டுவிடக் கூடாது, 20 நிமிடம் காய்ச்சினாலும்.

ஒரு விஷயத்தை உங்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை. 20 நிமிடத்தில் தண்ணீர் ஆவியாகிப் போகும். கண்டிஷனர் செய்ய ஆரம்பித்த புதிதில் நான் 78 கிராம் தண்ணீர் வைத்தேன், திறந்தே வைத்தேன். சந்தேகத்தில் தராசில் வைத்துப் பார்த்தபோது 71 இருந்தது. அந்த 7 கிராமைக் கவனிக்காமல் விட்டிருந்தால் கண்டிஷனர் பசை மாதிரி ஆகியிருக்கும். அதிலிருந்து தண்ணீர் பீக்கரை எடை போட்டுத்தான் அடுப்பில் வைக்கிறேன், மேலே ஒரு சின்ன எவர்சில்வர் தட்டு மூடி. இறக்கியதும் மறுபடி எடை. எத்தனை கிராம் குறைந்ததோ அத்தனை கிராம் சூடான டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறேன். அதற்காகவே ஒரு டம்ளர் அதே வாணலியில் காய்ந்துகொண்டிருக்கும். பெட்ரோல் பங்க்கில் விற்கும் பேட்டரி தண்ணீரைப் போடலாமா என்று சிலர் நேரில் கேட்டிருக்கிறார்கள். அது தோலுக்காகத் தயாரித்ததில்லை, வேண்டாம்.

அக்கா, நான் காலேஜ் மூன்றாம் வருடம். சுருட்டை முடிக்குக் கண்டிஷனர் செய்ய பி.டி.எம்.எஸ். 50 வாங்கினேன். உருக்கி அடித்தபோது நன்றாக வந்தது, ஆறியதும் ரவை ரவையாக இருக்கிறது. தலையில் போட்டால் வெள்ளைத் துகள் ஒட்டுகிறது. லேசாக மீன் வாடையும் வருகிறது. அம்மா எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்கிறார்.
— வாசகி, திருவான்மியூர்

அம்மாவிடம் சொல்லுங்கள், பொருள் கெட்டுப்போகவில்லை. பி.டி.எம்.எஸ்.ஸுக்கு இயல்பாகவே லேசான மீன் வாடை உண்டு. கண்டிஷனரில் 4 கிராம் போடும்போது அது பெரிதாகத் தெரியாது. தெரிந்தால் ஆறிய பிறகு ஒரு சொட்டு வாசனை எண்ணெய் போதும்.

ரவைக்கு வருவோம். பாரிமுனை கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்கு நான் மூலப்பொருள் வாங்கப் போகும்போதெல்லாம், புதிதாகச் செய்கிறவர்கள் யாராவது ஒருவர் இதே ரவைக் கதையைச் சொல்வார். பி.டி.எம்.எஸ். 50 என்பது ஒரே பொருள் இல்லை. முடியில் ஒட்டுகிற பெஹென்ட்ரைமோனியம் மெத்தோசல்பேட், அதோடு செட்டில் ஆல்கஹால், பியூட்டிலீன் கிளைகால். இவற்றில் செட்டில் ஆல்கஹால் 49 டிகிரியிலேயே உருகிவிடும். நீங்கள் தனியாகவும் கொஞ்சம் செட்டில் ஆல்கஹால் போட்டிருப்பீர்கள். அது உருகி பீக்கர் நிறைய திரவம் வந்ததும் எல்லாம் உருகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் முக்கியமான ஆள் இன்னும் உருகியிருக்காது. பாயசத்தில் வெந்த ஜவ்வரிசி மாதிரி, நிறமில்லாமல் அடியில் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. பீக்கரைச் சாய்த்தால் உருளும். ஸ்பூன் காம்பால் தடவினால் தட்டுப்படும். அது முழுக்கக் கரைய 75 டிகிரி வேண்டும், பொறுமையும் வேண்டும். கரையாத துண்டைப் பிளெண்டர் பொடியாக்கிவிடும். அதுதான் உங்கள் ரவை.

கட்டிகளை முதலிலேயே கத்தியால் பொடித்துப் போட்டால் நேரம் மிச்சம். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டாதீர்கள். 85க்கு மேல் நான் கொண்டுபோவதே இல்லை. அந்த மீன் வாடை அப்போதுதான் தூக்கலாகிறது.

செய்ததைக் காப்பாற்றலாம். ப்ரிசர்வேட்டிவ் போட்டிருந்து, செய்து ஒரு வாரத்துக்குள் என்றால், பாட்டிலிலிருந்து பீக்கருக்கு மாற்றி, எடை எழுதிக்கொண்டு, வாணலித் தண்ணீரில் 75க்கு ஏற்றி 15 நிமிடம் வைத்து அடியுங்கள். எடையை ஈடுகட்டுங்கள். 45க்குக் கீழே வந்ததும் ப்ரிசர்வேட்டிவைப் பாதி அளவு மறுபடி சேர்க்கலாம். மொத்த அளவு பாக்கெட்டில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

அடுத்த தடவைக்கு என் அளவு: டிஸ்டில்டு வாட்டர் 88, பி.டி.எம்.எஸ். 50 4, செட்டில் ஆல்கஹால் 3, தேங்காய் எண்ணெய் 3, கிளிசரின் 1, ப்ரிசர்வேட்டிவ் 1. பெயரில் சல்பேட் என்று இருப்பதைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். ஷாம்பூவில் நுரைக்கும் சல்பேட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஷாம்பூவில் இருப்பது எதிர்மின் தன்மை கொண்டது. இது நேர்மின் தன்மை. ஈர முடியும் எதிர்மின் பக்கம் என்பதால்தான் இது போய் ஒட்டிக்கொண்டு சிக்கு எடுக்கிறது. அதனால்தான் இதை ஷாம்பூவோடு ஒரே பாட்டிலில் கலக்கவும் கூடாது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வேலைக்காகாமல் போய்விடும்.

சுத்தமான தேன்மெழுகு இருக்கும்போது கடையில் விற்கும் எமல்சிஃபையிங் வேக்ஸ் எதற்கு?
— வாசகி, வில்லிவாக்கம்

இரண்டும் மெழுகு என்று சொல்லப்பட்டாலும் வேலை வேறு. தேன்மெழுகு எண்ணெயைக் கெட்டியாக்கும், தண்ணீரைப் பிடிக்காது. ரோமாபுரியில் இருந்த கேலன் என்ற வைத்தியர் இரண்டாம் நூற்றாண்டிலேயே தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர் மூன்றையும் சேர்த்து ஒரு களிம்பு செய்தார். அது சீக்கிரமே பிரியும். பிற்காலத்தில் வெண்காரம் சேர்த்துத்தான் அதை நிற்கவைத்தார்கள். தண்ணீர் இல்லாத உதட்டுக் களிம்பு, பாத வெடிப்புக் களிம்பு என்றால் தேன்மெழுகு அருமை. லோஷன் என்றால் எமல்சிஃபையர் வேண்டும்.

அப்பாவுக்குப் பாத வெடிப்பு. அவருக்காக லோஷன் செய்கிறேன். சூடு எல்லாம் சரியாகப் பார்க்கிறேன். அடித்து முடித்ததும் சூட்டோடு ப்ரிசர்வேட்டிவும், எங்கள் மாடித் தோட்டத்துக் கற்றாழைச் சதையும் சேர்த்து, சீக்கிரம் ஆறட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். மேலே தோல் மாதிரி படிகிறது, பத்து நாளில் கறுப்புப் புள்ளி வந்துவிட்டது. எங்கே தவறு?
— வாசகர், தாம்பரம்

அப்பாவுக்காகச் செய்கிறீர்கள், அதனால் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கறுப்புப் புள்ளி வந்ததை ஒரு விரல் கூடத் தொடாமல் கொட்டுங்கள். அது பூஞ்சை. மேலே தெரிகிற புள்ளியை வழித்துவிட்டால் போதாது, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் ஓடியிருக்கும். வெடித்த குதிகாலில் தோல் திறந்திருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் இன்னும் கவனம். வெடிப்பில் ரத்தமோ சீழோ இருந்தால் லோஷன் வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

பச்சைக் கற்றாழைச் சதைதான் முதல் சந்தேகம். அது கிருமிக்கு விருந்து. 100 கிராமுக்கு 1 கிராம் ப்ரிசர்வேட்டிவால் அவ்வளவையும் சமாளிக்க முடியாது. செம்பருத்திக் கஷாயம், அரிசி கழுவிய தண்ணீர், தயிர் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். அவற்றை அன்றன்றைக்கு அரைத்துத் தடவிக் கழுவுங்கள், பாட்டிலில் அடைக்காதீர்கள்.

ப்ரிசர்வேட்டிவைச் சூட்டோடு சேர்ப்பது அடுத்த தவறு. எல்லா ப்ரிசர்வேட்டிவும் சூட்டில் கெடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டு உபயோகத்துக்கு விற்கும் கலவைகளில் பலவற்றை 45 அல்லது 40 டிகிரிக்குக் கீழே சேர்க்கச் சொல்லித்தான் பாக்கெட்டில் எழுதியிருப்பார்கள். வைட்டமின் ஈ, வாசனை எண்ணெய்களுக்கும் அதே நேரம்தான். தெர்மாமீட்டரைத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

ஃப்ரிட்ஜ் வேண்டாம். வேகமாக, அசையாமல் ஆறினால் ஓரத்தில் மெழுகு முந்தி உறைந்து, நடுவில் இன்னும் தண்ணியாக இருக்கும். மேலே படிகிற தோல் அதுதான். நம் ஊரில் மே மாதம் லோஷன் 45க்கு இறங்க முக்கால் மணி நேரத்துக்கு மேலேயும் ஆகும், எனக்குத் தெரியும். நான் ஒரு பேசினில் குழாய்த் தண்ணீர் பிடித்து, அதில் பீக்கரை நிறுத்தி, ரப்பர் கரண்டியால் ஓரத்தை வழித்து வழித்து மெதுவாகக் கிளறிக்கொண்டே இருப்பேன். மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் வெயிலில் காய்ந்திருந்தால், காலையிலேயே ஒரு வாளி பிடித்து வைத்துவிடுவேன். கிளறும் கையிலேயே பதம் தெரியும். 50ஐத் தாண்டும் இடத்தில் கரண்டி இழுக்கும் கோடு உடனே மூடாமல் ஒரு நொடி நிற்கும். அதிலிருந்து பத்து நிமிடத்தில் பெரும்பாலும் ப்ரிசர்வேட்டிவ் சேர்க்கும் சூடு வந்துவிடும். சேர்த்து இன்னும் இரண்டு நிமிடம் கிளறி, சூடு முழுக்க அடங்கிய பிறகே பாட்டிலில் ஊற்றி மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடிக்கு அடியில் ஆவி வேர்த்துச் சொட்டும். அந்தச் சொட்டுத் தண்ணீரில் ப்ரிசர்வேட்டிவ் இருக்காது, உங்கள் கறுப்புப் புள்ளி அங்கேயும் தொடங்கியிருக்கலாம்.

அகல வாய் டப்பாவுக்குப் பதிலாகப் பம்ப் பாட்டிலில் ஊற்றிக் கொடுங்கள், அப்பா விரல் விட்டு எடுக்க வேண்டியிருக்காது. பாட்டில் மேல் செய்த தேதியை எழுதி ஒட்டுங்கள்.